கண்டியில் உடற்பருமன்: தனிமனிதப் பொறுப்பும் துரித உணவுத் தொழிலும்

உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்கு உடலில் கொழுப்புச் சேர்ந்திருக்கும் நிலையே உடற்பருமன். அதை அளக்க மருத்துவர்கள் பொதுவாகப் பயன்படுத்துவது உடற்றிணிவுச் சுட்டி: கிலோகிராமில் எடுத்த நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் இது 25ஐ எட்டினால் அதிநிறை, 30ஐ எட்டினால் உடற்பருமன். தெற்காசிய உடல்வாகுக்கு இந்த எல்லைகள் சற்று உயரம். ஒல்லியாகத் தெரியும் இலங்கையரின் வயிற்றுக்குள்ளும் ஈரலைச் சுற்றியும் கொழுப்புத் தங்கிவிடுவதால், குறைந்த நிறையிலேயே நீரிழிவும் இதய நோயும் தொடங்குகின்றன. அதனால்தான் ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என 2004இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது என்பது இதையொட்டிய இன்னோர் அளவு.

இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. இதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 2015ஆம் ஆண்டளவில் நடந்த தேசிய ஆய்வில் வளர்ந்தோரில் பத்துக்கு மூவர் அதிநிறையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2021இல் அது பத்துக்கு நால்வரை நெருங்கிவிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடையே இந்த விகிதம் அதிகம். நீரிழிவைப் பொறுத்தவரை, 2005–2006இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்று 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதைக் கண்டது. நகரங்களில் விகிதம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

இந்த ஏற்றத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் வழக்கில் உள்ளன. வாயைக் கட்டத் தெரியாத தனிமனிதரே பொறுப்பு என்பது ஒன்று. கொழுப்பையும் சீனியையும் உப்பையும் கூட்டி விற்கும் துரித உணவுத் தொழிலே பொறுப்பு என்பது மற்றொன்று. கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டில் எதுவும் தனித்து நின்று முழு விளக்கம் தருவதில்லை.

கண்டியின் துரித உணவு

பன்னாட்டுத் துரித உணவுக் கடைகள் இலங்கைக்கு வந்தது 1990களில். பீட்சா ஹட் 1993இலும், கேஎஃப்சி 1995இலும், மெக்டொனால்ட்ஸ் 1998இலும் இங்கு கடை திறந்தன. டொமினோஸ் 2011இலும் பேர்கர் கிங் 2013இலும் தொடர்ந்தன. முதலில் கொழும்பில் வேரூன்றிய இக்கடைகள் பின்னர் கண்டி போன்ற நகரங்களுக்கும் பரவின. தலதா வீதியைச் சுற்றிய நகர மையமும் கண்டி சிற்றி சென்டர் வளாகமும் இவற்றைக் கண்டி மக்களுக்குப் பழக்கப்படுத்தின.

எனினும் இக்கடைகளின் எண்ணிக்கை சிறியது. 2024 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் இலங்கையில் தன் கடைகளை மூடியபோது நாடு முழுவதற்கும் இருந்தவை 12 கடைகள்தான். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் உடல்நிறை உயர்ந்ததை இத்தகைய ஒரு சில கடைகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. பெரும்பாலோருக்கு அவற்றின் விலை மாதத்தில் ஒரு நாளுக்கே எட்டும்.

கண்டியில் அன்றாடத் துரித உணவு வேறு. ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், மீன் பணிஸ், முட்டை ரொட்டி, வடை, கொத்து ரொட்டி, பிரைட் ரைஸ் என அதன் பட்டியல் நீளும். மணிக்கூட்டுக் கோபுரச் சுற்றாடல், பேராதனை வீதி, கட்டுகஸ்தோட்டைச் சந்தி என மக்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடங்களில் எல்லாம் இவற்றை விற்கும் கண்ணாடிப் பெட்டிகள் உள்ளன. பல தேநீர்க் கடைகளில் கேட்காமலேயே ஒரு தட்டு நிறையச் சிற்றுண்டி மேசைக்கு வரும். உண்டதை எண்ணிக் காசு வாங்குவார்கள். நகரத்துக்கு வெளியே, மலைச்சரிவிலுள்ள வீடுகளுக்கும் இசை ஒலித்தபடி வரும் முச்சக்கர வண்டிகள் பாணையும் பணிஸையும் வாசலுக்கே கொண்டுவருகின்றன.

இச்சிற்றுண்டிகளில் பலவற்றுக்கு அடித்தளம் கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின் அரிசி வரத்து முடங்க, இறக்குமதிக் கோதுமை மா பங்கீட்டு உணவாக இடம்பிடித்தது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் உதவித் திட்டத்தில் வந்த மாவும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரிய மா ஆலையும் அதை நிலைநிறுத்தின. மலையகத் தோட்டங்களில் கோதுமை ரொட்டி காலையுணவாகவும் கொழுந்து பறிக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்லும் உணவாகவும் ஆனது. இன்று கண்டி நகரக் கடையில் விற்கும் ரோல்ஸுக்கும் கலஹாவிலும் புசல்லாவையிலும் லயத்து அடுப்பில் வேகும் ரொட்டிக்கும் மூலப்பொருள் ஒன்றே. ஒன்று எண்ணெயில் பொரிக்கப்படுகிறது, மற்றொன்று கல்லில் சுடப்படுகிறது. சக்தியின் கணக்கில் பெரிய வேறுபாடு அங்கேதான் பிறக்கிறது.

உணவும் உடலின் கணக்கும்

ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கலோரி வீதம் சக்தி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. அது உணவின் கனத்தையோ பருமனையோ கண்ணுக்குத் தெரியும்படி கூட்டுவதில்லை. நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரியும், அதேயளவு பொரித்த உருளைக்கிழங்கில் சுமார் 300 கலோரியும் உள்ளன. தேங்காய்ப்பால் குறைத்து ஆக்கிய மரக்கறி பெரும்பாலும் 100 கலோரிக்குள் அடங்கிவிடும்.

இந்தச் சக்தி அடர்த்தி முக்கியமாவதற்குக் காரணம், வயிறு முதலில் உணர்வது உணவின் பருமனை என்பதே. இரைப்பை விரியும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. குடலில் சுரக்கும் ஓமோன்கள் சற்றுப் பிந்தி, ‘போதும்’ என்ற செய்தியை வலுப்படுத்துகின்றன. அடர்த்தி கூடிய உணவை வேகமாக உண்டால், இச்செய்திகள் மூளையை எட்டுவதற்குள் தேவைக்கு மேற்பட்ட சக்தி உள்ளே போய்விடும். இனிப்புப் பானங்களில் இது இன்னும் தெளிவு. மென்று விழுங்க வேண்டிய உணவு தரும் நிறைவைத் திரவம் தருவதில்லை. பானத்தில் வந்த கலோரிக்கு ஈடாக அடுத்த வேளைச் சோற்றை உடல் முழுமையாகக் குறைத்துக்கொள்வதும் இல்லை.

நீண்டகாலக் கணக்கை வேறொரு பொறிமுறை பார்க்கிறது. கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. 1994இல் கண்டறியப்பட்ட இந்த ஓமோன், உடலில் எவ்வளவு கொழுப்புச் சேமிப்பு உண்டு என்பதை மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழுக்குத் தெரிவிக்கிறது. சேமிப்புக் குறைந்தால் லெப்டினும் குறையும், பசி கூடும், உடல் செலவிடும் சக்தி சுருங்கும். வெறும் வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற ஓமோன் உண்ணத் தூண்டுகிறது. பஞ்சத்திலிருந்து உயிரைக் காக்க உருவான இந்த ஏற்பாடு, நிறை குறைவதைத் தடுப்பதில் மிகக் கண்டிப்பானது. நிறை கூடுவதைத் தடுப்பதில் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை.

உணவு எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதே உண்ணும் அளவை மாற்றுமா என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாகச் சோதித்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் தலைமையிலான குழு, 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வு விடுதியிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் மிகையாகப் பதனிடப்பட்ட உணவும் இரண்டு வாரம் அதிகம் பதனிடப்படாத உணவும் கொடுக்கப்பட்டன. பரிமாறப்பட்ட கலோரி, சீனி, கொழுப்பு, நார்ப்பொருள், உப்பு ஆகியன இரு வகையிலும் ஒத்திருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம் என்பதே விதி. பதனிட்ட உணவு தரப்பட்ட நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறை கூடியது. மற்ற உணவில் அதேயளவு குறைந்தது. ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. ஆயினும் அதன் பொருள் தெளிவானது: அதே மனிதர், அதே மன உறுதி, வேறு உணவு, வேறு விளைவு.

தனிமனிதப் பொறுப்பு என்ற வாதம்

தனிமனிதப் பொறுப்பு என்ற வாதம் நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டது நியூயோர்க்கில். 2002இல் இரண்டு பதின்வயதுச் சிறுமியரின் சார்பில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. அந்த உணவே அவர்களின் உடற்பருமனுக்குக் காரணம் என்பது குற்றச்சாட்டு. 2003 ஜனவரியில் நீதிபதி ரொபேர்ட் ஸ்வீட் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அளவுக்கு மீறி உண்டால் தீங்கு என்பது அனைவரும் அறிந்த செய்தி என்றும், அறிந்தே செய்த தெரிவின் விளைவிலிருந்து ஒருவரைக் காப்பது சட்டத்தின் வேலையல்ல என்றும் தீர்ப்பின் போக்கு அமைந்தது. பின்னர் மேன்முறையீட்டில் வழக்கு ஓரளவு உயிர் பெற்றாலும் வெற்றியில் முடியவில்லை. இத்தகைய வழக்குகளைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று 2004இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையைக் கடக்கவில்லை. ஆனால் பல மாநிலங்கள் அதே நோக்கில் தமக்கெனச் சட்டங்கள் இயற்றின.

இந்த வாதத்தின் வலிமையை மறுக்க முடியாது. எதை வாயில் இடுவது என்பதை வளர்ந்த ஒருவர்தான் முடிவு செய்கிறார். ஒரே தெருவில் ஒரே கடையைக் கடந்து போகும் இருவரில் ஒருவர் உள்ளே நுழைகிறார், மற்றவர் நுழைவதில்லை. தேநீருக்குச் சீனியைக் குறைப்பது, நகரத்துக்கு ஒரு தரிப்பு முன்னதாக இறங்கி நடப்பது, சோற்றுக் கோப்பையில் பாதியை மரக்கறியால் நிரப்புவது ஆகியவை சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய செயல்கள் அல்ல. நாளுக்கு ஐந்து கோப்பை தேநீரில் இரண்டிரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் சுமார் 200 கலோரி. அதைக் கைவிடுவது தனிமனிதர் கையிலேயே உள்ளது.

இதே வாதத்தின் குறைபாடுகளும் அறிவியல் அடிப்படை கொண்டவை. முதலாவது, உடல்நிறையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் பெரும்பங்கு மரபணு சார்ந்தது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் அந்தப் பங்கை 40 முதல் 70 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. ஒரே உணவுச் சூழலில் ஒருவர் மெலிந்திருப்பதும் மற்றவர் பருப்பதும் மன உறுதியின் வேறுபாடு மட்டுமல்ல.

இரண்டாவது, குறைத்த நிறையைத் தக்கவைப்பதற்கு உடலே எதிராக நிற்கிறது. அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், அதிநிறை கொண்ட 50 பேர் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் நிறையைக் குறைத்தனர். ஓராண்டு கடந்த பின்னும் அவர்களின் இரத்தத்தில் பசியைத் தூண்டும் ஓமோன்கள் உயர்ந்தும் நிறைவைத் தரும் ஓமோன்கள் தாழ்ந்தும் இருந்தன. நிறை திரும்பக் கூடியவரைச் சோம்பேறி என்று பழிப்பது, அவரது உடலுக்குள் நடப்பதை அறியாமல் சொல்லும் சொல்.

மூன்றாவது குறைபாடு காலத்தைப் பற்றியது. ஒரு சமூகத்தின் மரபணு முப்பது ஆண்டுகளில் மாறாது. இலங்கை மக்களின் மன உறுதி 2015க்கும் 2021க்கும் இடையே திடீரெனத் தளர்ந்தது என்று எண்ணவும் காரணம் இல்லை. உலகில் 1990க்குப் பின் வளர்ந்தோரிடையே உடற்பருமன் இரண்டு மடங்குக்கு மேலாகவும், சிறுவர், பதின்வயதினரிடையே நான்கு மடங்காகவும் உயர்ந்து, 2022இல் நூறு கோடிப் பேரைத் தாண்டியது. இத்தனை நாடுகளில் ஒரே காலத்தில் நிகழ்ந்த மாற்றத்துக்குக் காரணத்தைச் சூழலில்தான் தேட வேண்டும்.

நகரத்தின் அமைப்பு

கண்டியின் சூழல் அதன் நிலவடிவிலிருந்து தொடங்குகிறது. மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் சுமார் ஒரு இலட்சம் பேர் வாழும் நகரம் இது. நாள்தோறும் அதைவிடப் பெருந்தொகையானோர் வேலைக்கும் படிப்புக்கும் வைத்தியசாலைக்கும் வெளியிலிருந்து வருகிறார்கள். திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, மகாமாய, பெண்கள் உயர்தரப் பாடசாலை, கிங்ஸ்வூட், இந்து சிரேஷ்ட பாடசாலை எனப் புகழ்பெற்ற பாடசாலைகள் நகரத்துக்குள்ளும் அதையொட்டியும் அமைந்துள்ளன. கம்பளை, கடுகண்ணாவை, தெல்தெனிய, மாத்தளைப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளை விடியுமுன் புறப்படுகிறது. பல வீடுகளில் அந்நேரத்துக்குச் சோறோ இடியப்பமோ ஆயத்தமாவதில்லை.

பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு. பாடசாலைக்கும் வகுப்புக்கும் இடையில் வீடு போய்த் திரும்ப நேரம் இல்லை. கையிலிருக்கும் காசுக்கும் அரைமணி நேரத்துக்கும் கிடைப்பது இரண்டு ரோல்ஸும் ஒரு போத்தல் இனிப்புப் பானமும். அந்த இடைவேளையில் அவித்த கடலையோ பழமோ வாங்கக்கூடிய கடை பக்கத்தில் இருந்தால் மாணவரின் தெரிவு வேறாகலாம். இல்லாதபோது தெரிவு என்பதற்கே இடமில்லை.

உடல் உழைப்பின் கதையும் இதுதான். கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நடைபாதை உண்டு. காலையிலும் மாலையிலும் நடப்போர் அதை நன்கு பயன்படுத்துகின்றனர். ஆனால் நகரை நோக்கி வரும் வீதிகளில் பல இடங்களில் நடைபாதை குறுகியோ அறுந்தோ போகிறது. சரிவான குறுக்கு வீதிகளில் மழைநாளில் நடப்பது ஆபத்து. பஸ்ஸின் புகையும் நெரிசலும் சேர, அரைக் கிலோமீற்றர் தூரத்துக்கும் முச்சக்கர வண்டி பிடிப்பது வழக்கமாகிவிட்டது. 2015ஆம் ஆண்டளவிலான தேசிய ஆய்வு, வளர்ந்தோரில் பத்துக்கு மூவருக்குப் போதிய உடற்பயிற்சி இல்லை என்றும், பத்துக்கு ஏழு பேர் வேண்டிய அளவு பழமும் மரக்கறியும் உண்பதில்லை என்றும் கண்டது.

விலையும் ஒரு சூழலே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் ஏறத்தாழ 95 சதவீதத்தை எட்டியது. முட்டை, மீன், பால், பழம் ஆகியவை தட்டிலிருந்து முதலில் மறைந்தன. மாவும் சீனியும் எண்ணெயும் விலை உயர்ந்தபோதும், ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் கலோரியில் அவையே மலிவாக நின்றன. வறுமையும் உடற்பருமனும் ஒரே வீட்டில் குடியிருக்க முடிவது இதனால்தான். 2016இன் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டத் துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். அதே ஆய்வு, நாட்டில் திருமணமான பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் அதிநிறையோ உடற்பருமனோ கொண்டிருப்பதையும் காட்டியது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய உணவு கிடைக்காத உடல், பிற்காலத்தில் மலிவான கலோரி கிடைக்கும்போது கொழுப்பை வயிற்றில் சேர்க்கும் இயல்பைப் பெறுகிறது. தோட்டத்தில் பிறந்து கண்டி நகரில் கடையிலோ அலுவலகத்திலோ வேலைக்கு வரும் தலைமுறை இந்த இரட்டை ஆபத்தைச் சுமக்கிறது.

தொழிலின் பங்கு

துரித உணவுத் தொழில் நான்கு விடயங்களைத் தீர்மானிக்கிறது: உணவில் என்ன கலக்கப்படுகிறது, எவ்வளவு பரிமாறப்படுகிறது, எங்கே விற்கப்படுகிறது, எப்படி விளம்பரம் செய்யப்படுகிறது. இவை நான்கும் வாங்குபவரின் கையில் இல்லை. எந்த அளவு சீனியில் நாவுக்கு இன்பம் உச்சம் பெறும் என்பதைத் துல்லியமாக அளக்கும் முறைகளை உணவு நிறுவனங்கள் 1970கள் தொட்டுப் பயன்படுத்தி வருகின்றன. சற்றுக் கூடுதல் விலைக்கு இரட்டிப்புப் பொரியலும் பெரிய கோப்பைப் பானமும் தரும் சலுகை விற்பவருக்கு இலாபம். மூலப்பொருளின் செலவு அற்பம். வாங்குபவர் அதைச் சிக்கனம் என்று எண்ணித் தேவைக்கு மேல் உண்கிறார். பிள்ளைகளுக்கான பொட்டலத்தோடு விளையாட்டுப் பொருள் தருவது, உணவின் தன்மையை எடைபோடும் வயது வராதவரை வாடிக்கையாளராக்கும் வழி.

கண்டியில் இந்தப் பொறுப்பு ஒரு சில பெரும் பெயர்களோடு முடிவதில்லை. மா ஆலை, சமையல் எண்ணெய் இறக்குமதியாளர், மாஜரின் உற்பத்தியாளர், குளிர்பான நிறுவனம், பேக்கரி, தெருவோரக் கொத்துக் கடை எனச் சங்கிலி நீண்டது. அதன் கடைசிக் கண்ணியில் நிற்பவர் மிகச் சிறிய முதலில் பிழைப்பு நடத்துபவர். அவர் மலிவான எண்ணெயை வாங்குவதும் அதையே திரும்பச் சூடாக்குவதும் இலாப வெறியால் அல்ல. பக்கத்துக் கடையைவிட ஐந்து ரூபா குறைத்து விற்றால்தான் அவரது அன்றைய பாடு தீரும். பெரும் நிறுவனத்திடம் ஆய்வுகூடமும் விளம்பரப் பணமும் செய்முறையை மாற்றும் வசதியும் உள்ளன. மாற்றும் சக்தி எங்கே கூடுதலோ அங்கே பொறுப்பும் கூடுதல் என்று கொள்வதே நியாயம்.

சட்டமும் அதன் எல்லையும்

இலங்கை இவ்விடயத்தில் பல நாடுகளுக்கு முந்திச் செயற்பட்டது. 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் நிறக்குறியீடு கட்டாயமானது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், அதற்குக் குறைவானால் பச்சை. 2019இல் பொதிசெய்த திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று தனித்தனியாக இம்முறை விரிவானது. 2017 நவம்பரில் பானங்களிலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது தளர்த்தப்பட்டது.

நிறக்குறியீடு வாங்குபவருக்குப் பயன்படும் எளிய கருவி. ஆனால் அதன் எல்லைக்கோட்டைக் கவனிக்க வேண்டும். நூறு மில்லிலீற்றரில் பத்தரைக் கிராம் சீனி கொண்ட பானம் சிவப்பு அல்ல, செம்மஞ்சள். அதை 400 மில்லிலீற்றர் போத்தலில் குடித்தால் உள்ளே போவது 42 கிராம் சீனி, அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கு மேல். நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. ஒரு போத்தல் செம்மஞ்சளிலேயே அந்த அளவு வெகுவாகத் தாண்டிவிடும். வரியிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. ரூபாய்க் கணக்கில் நிலையாக விதிக்கப்படும் வரியை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தாவிட்டால், அது சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும்.

இதைவிடப் பெரிய இடைவெளி, நிறக்குறியீடு பொதிசெய்த உணவுக்கு மட்டுமே உரியது என்பது. கண்ணாடிப் பெட்டியிலுள்ள ரோல்ஸுக்கும், கல்லில் கொத்தப்படும் ரொட்டிக்கும், பெட்டியில் கட்டித்தரும் பிரைட் ரைஸுக்கும், பொரித்த கோழிக்கும் எந்த நிறமும் இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் வந்து பார்ப்பது பெரும்பாலும் துப்புரவையும் கலப்படத்தையும் பழுதையும்தான். சுத்தமாகச் சமைக்கப்பட்டிருந்தால், ஒரு தட்டில் ஒரு நாளைக்குரிய கொழுப்பு முழுவதும் இருந்தாலும் அது சட்டத்தின் கண்ணில் குறையற்ற உணவு.

வேறு நாடுகளின் அனுபவம் எது பலன் தரும் என்பதைக் காட்டுகிறது. மெக்சிக்கோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லீற்றருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அவற்றின் விற்பனை சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. பிரித்தானியா 2018இல் சீனியின் அளவுக்கேற்பப் படிப்படியாக உயரும் வரியைக் கொண்டுவந்தது. வரியைத் தவிர்க்க நிறுவனங்களே செய்முறையை மாற்றியதால், வரிக்குட்பட்ட பானங்களில் சீனி 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வாங்குபவர் எவரும் மன உறுதியைக் கூட்டிக்கொள்ளாமலேயே கிடைத்த பலன் இது. சிலி 2016இல் பொதிகளின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கைச் சின்னத்தைக் கட்டாயமாக்கி, அச்சின்னம் கொண்ட உணவுகளைப் பாடசாலைகளில் விற்கத் தடைசெய்தது. கேரளம் 2016இல் பெயர்பெற்ற கடைகளின் பேர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத வரி விதித்தது. அடுத்த ஆண்டு நாடளாவிய சரக்கு, சேவை வரி வந்ததும் அது மறைந்தது. கண்டி போன்ற ஊருக்குக் கேரளத்தின் வரி ஒரு பாடம்: பெரும் கடைகளின் பேர்கருக்கு மட்டும் வரி போட்டு, அதேயளவு எண்ணெயில் ஊறிய உள்ளூர்ச் சிற்றுண்டியை விட்டுவிட்டால் மக்களின் உடல்நிறையில் பெரிய மாற்றம் வராது.

கைக்கெட்டும் மாற்று வழிகள்

மாற்று உணவுக்குக் கண்டி வெளியே தேட வேண்டியதில்லை. பேராதனையில் தலைமையகம் கொண்ட விவசாயத் திணைக்களம், கன்னொருவையிலும் வேறிடங்களிலும் ‘ஹெல போஜுன்’ என்ற உணவுச்சாலைகளை நடத்துகிறது. கிராமியப் பெண்கள் அங்கே கண்முன்னே சமைத்துத் தரும் இலைக்கஞ்சி, குரக்கன் பண்டங்கள், அரிசி மா உணவுகள், பழச்சாறு ஆகியவை விரைவாகவும் கிடைக்கின்றன, விலையும் கைக்கெட்டும். துரித உணவு கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை என்பதற்கு இது சான்று. பலாக்காய், ஈரப்பலா, வல்லாரை, பயறு, கடலை ஆகியன இப்பகுதியில் இயல்பாகக் கிடைப்பவை. நார்ப்பொருளும் புரதமும் கொண்ட இவ்வுணவுகள் குறைந்த கலோரியில் வயிற்றை நிறைக்கின்றன. இத்தகைய கடை பஸ் நிலையத்துக்கும் பாடசாலை வாசலுக்கும் வந்தால்தான் அது ரோல்ஸோடு போட்டியிட முடியும்.

சுகாதாரத் துறை 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் உடற்றிணிவுச் சுட்டி, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். வேலை நேரத்தில் வர இயலாத ஆண்களுக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் மாலை நேரச் சேவையோ நடமாடும் சேவையோ கிடைத்தால் இவ்வசதியின் பயன் பெருகும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் வரையறுத்துள்ளன. பாடசாலை மதிலுக்கு வெளியே உள்ள கடையை அவை கட்டுப்படுத்துவதில்லை. அந்த அதிகாரம் மாநகர சபையிடமும் உள்ளூராட்சிச் சபைகளிடமுமே உண்டு.

பொறுப்பைப் பங்கிடுதல்

பொறுப்பை ஒருவர் தலையில் சுமத்துவதற்குப் பதிலாக, அவரவர் மாற்றக்கூடியதை வைத்துப் பங்கிட்டால் கணக்குத் தெளிவாகும். வளர்ந்தவர் தம் தேநீரின் சீனியையும் தட்டின் அளவையும் நடையையும் மாற்றலாம். குடும்பம் காலையுணவை மாற்றலாம். சிறு கடைக்காரர் அவித்த கடலையையும் பழத்தையும் முன்வரிசையில் வைக்கலாம். கேட்காமல் தட்டு நிறையக் கொண்டுவந்து வைக்கும் வழக்கத்தை விடலாம். பெரு நிறுவனம் செய்முறையில் சீனியையும் உப்பையும் எண்ணெயையும் குறைக்கலாம், கலோரியை விலையோடு சேர்த்துப் பலகையில் எழுதலாம், பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தை நிறுத்தலாம். மாநகர சபை நடைபாதையையும் பாடசாலைச் சுற்றாடலின் கடை உரிமத்தையும் சீர்செய்யலாம். அரசு சீனி வரியை விலைவாசியோடு உயர்த்தி, அதில் வரும் பணத்தால் பயறு, முட்டை, பழம் ஆகியவற்றின் விலையைத் தாழ்த்தலாம். மா, எண்ணெய், மாஜரின் ஆகியவற்றின் தரத்தை ஆலையிலும் துறைமுகத்திலும் கட்டுப்படுத்தினால், ஆயிரக்கணக்கான சிறு கடைகளை ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதில்லை.

இந்தப் பங்கீட்டில் பிள்ளைகளுக்கு இடமில்லை. எட்டு வயதுப் பிள்ளை தன் பாடசாலையின் தூரத்தையோ, வகுப்பின் நேரத்தையோ, சிற்றுண்டியின் எண்ணெயையோ, கையில் தரப்படும் காசையோ தீர்மானிப்பதில்லை. சிறு வயதில் சேரும் நிறை பெரும்பாலும் வளர்ந்த பின்னும் தொடர்கிறது என்பதால், கண்டியில் எடுக்கப்படும் எந்த நடவடிக்கையும் பாடசாலை முடிந்து வகுப்புத் தொடங்கும் அந்த இடைவேளையில் பிள்ளைக்கு என்ன உணவு கிடைக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அதை மாற்றும் கடமை முழுவதும் பெரியவர்களுக்கும், விற்பவர்களுக்கும், ஆள்பவர்களுக்கும் உரியது.